ஒரு ஸ்டெப்பை யார் விற்கலாம்?

"சித்தி, ஒரு டான்ஸ் வாங்கித் தர்றீங்களா?"

கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் கேட்டது இது. டான்ஸ் கிளாஸில் சேர்த்துவிடச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் ஃபோர்ட்நைட் விளையாட்டின் கடைப் பக்கத்தைத் திறந்து காட்டினான். முதுகில் ஆயுதம் மாட்டிய ஓர் உருவம் தோளைக் குலுக்கி, காலை மாற்றிப் போட்டு, அதே நான்கைந்து அசைவுகளைத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தது. கீழே விலை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவன் எழுந்து ஹால் நடுவில் நின்று அதே ஆட்டத்தை ஆடிக் காட்டினான். திரையில் இருந்ததைவிட அழகாகவே இருந்தது. "உனக்குத்தான் இவ்வளவு நல்லா வருதே, அப்புறம் எதுக்குடா காசு?" என்றேன். "நான் ஆடினா நான்தான் ஆடுறேன். கேம்ல அவன் ஆடணும்ல சித்தி?" என்றான்.

வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. அவன் ஆடினால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். அந்த உருவம் ஆட வேண்டுமென்றால் கொடுக்க வேண்டும். சரி, அந்தக் காசு யாருக்குப் போகிறது? அந்த அசைவை முதன்முதலில் தன் உடம்பில் கண்டுபிடித்த ஆள் எங்கோ இருப்பாரே, அவருக்கு இதில் ஏதாவது உண்டா? தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு இந்த விஷயம் என்னை விடவே இல்லை.

ஃபோர்ட்நைட்டை இலவசமாகவே விளையாடலாம். அதை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கு வருமானம் வருவது உள்ளே விற்கும் உடைகளிலிருந்தும், எமோட் என்று அவர்கள் அழைக்கும் இந்த ஆட்டங்களிலிருந்தும்தான். ஆப்பிளுக்கும் எபிக்குக்கும் நடந்த வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் இந்த ஒரு விளையாட்டு 900 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருக்கிறது. எமோட் வாங்கியவருக்கு விளையாட்டில் எந்தக் கூடுதல் பலமும் கிடைக்காது. வேகமாக ஓட முடியாது, குறி தப்பாமல் சுட முடியாது. அங்கே விலைக்கு வைக்கப்பட்டிருப்பது நடனம் ஒன்றுதான். வேறு ஏதோ பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த அலங்காரம் என்று அதைத் தள்ளிவிட முடியாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2018 டிசம்பரில் எபிக் மீது வழக்குகள் வரிசையாக வந்தன. வழக்குப் போட்டவர்களில் ஒருவரான, நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த டூ மில்லி என்ற ராப் கலைஞர் 2014-ல் 'மில்லி ராக்' என்ற பாட்டையும் அதற்கான ஆட்டத்தையும் வெளியிட்டிருந்தார். கைகளை மாற்றி மாற்றி உள்பக்கமாக வீசிச் சுழற்றும் ஆட்டம். அது தெருவிலிருந்து விளையாட்டு மைதானங்கள் வரை பரவியது. 2018 ஜூலையில் ஃபோர்ட்நைட்டில் 'ஸ்வைப் இட்' என்ற எமோட் வந்தது. பார்த்தவர்களுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. பெயரில் மட்டும் மில்லி இல்லை. அதே மாதம் சான்ஸ் தி ராப்பர் என்ற ராப் கலைஞர், இந்த ஆட்டங்களை உருவாக்கிப் பரப்பியவர்கள் கறுப்பினக் கலைஞர்கள், அவர்களுக்கு இதிலிருந்து ஒரு பைசாவும் வரவில்லை, பாட்டையாவது சேர்த்துப் போட்டுப் பணத்தைப் பகிருங்கள் என்று ட்விட்டரில் எழுதினார். எபிக்கின் பதில் நீதிமன்றத்தில்தான் வந்தது: தனி ஸ்டெப்புகளும் எளிமையான ஆட்டங்களும் யாருக்கும் சொந்தமில்லை, அவை எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டிய மூலப்பொருள்.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரே சங்கடம்தான் வருகிறது. சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்னது, அந்த மூலப்பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டி விற்றுக்கொண்டிருந்த நிறுவனம்.

மூன்று அசைவுகளுக்கு ஒரு கடிதம்

அல்ஃபான்சோ ரிபேரோவின் வழக்கும் அதே டிசம்பரில் வந்ததுதான். 1990-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய நகைச்சுவைத் தொடரில் கார்ல்டன் என்ற பாத்திரமாக நடித்தவர். கைகளை அகலமாக வீசி, இடுப்பை இருபுறமும் ஆட்டி அவர் போட்ட ஆட்டத்துக்கு 'கார்ல்டன் டான்ஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஃபோர்ட்நைட்டில் அது 'ஃபிரெஷ்' ஆனது. ரிபேரோ அதைப் பதிவு செய்ய அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். 2019 தொடக்கத்தில் மறுப்புக் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தின் நடை எனக்கு வியப்பாக இருந்தது. இடுப்பை அசைத்தபடி இருபக்கமும் அடியெடுத்து, கைகளை மிகையாக வீசுவது முதல் அசைவு. பக்கத்துக்கு இரண்டு அடி வைத்து, கால்களையும் கைகளையும் சேர்ந்தாற்போல விரித்து மூடுவது இரண்டாவது. கால் அசையாமல் நின்று, தலைக்கு மேலிருந்து ஒரு கையை விரல்கள் படபடக்க மார்பு வரை இறக்குவது மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்தால் எளிமையான ஒரு நடன வரிசை மட்டுமே, நடனப் படைப்பு ஆகாது என்று முடித்திருந்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்ளும் ஆட்டத்தை அலுவலகம் மூன்று வரியில் எழுதி, மூன்று வரிதானே இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டது. ரிபேரோவே பேட்டிகளில், பாட்டு வீடியோ ஒன்றில் நடிகை கோர்ட்னி காக்ஸ் ஆடியதிலிருந்தும், வெள்ளைக்காரர்கள் ஆடுவதை நகைச்சுவை நடிகர் எடி மர்ஃபி மேடையில் நடித்துக் காட்டியதிலிருந்தும் எடுத்துச் சேர்த்ததுதான் அந்த ஆட்டம் என்று சொல்லியிருக்கிறார். இதைச் சுட்டிக்காட்டி, அப்படியானால் இவருடையது என்று எதைச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. இரண்டு பேரிடமிருந்து எடுத்து மூன்றாவதாக ஒன்றை ஆக்குவதுதானே எந்தக் கலையிலும் நடப்பது?

2019 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நடனத்தோடு சம்பந்தமே இல்லாத வேறொரு வழக்கில், பதிவு விண்ணப்பத்தின் மீது அலுவலகம் முடிவு சொன்ன பிறகுதான் பதிப்புரிமை வழக்குத் தொடர முடியும் என்று தீர்ப்பளித்தது. இதையடுத்து நடன வழக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. கேள்விக்கு யாரும் பதில் சொல்லாமலே அந்த அத்தியாயம் மூடியது.

அமெரிக்கச் சட்டம் நடனத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டதே மெதுவாகத்தான். 1892-ல் லோயி ஃபுல்லர் என்ற நடனக் கலைஞர், பட்டுத் துணியை அலையலையாகச் சுழற்றி ஆடும் தன் ஆட்டத்தை இன்னொருவர் அப்படியே ஆடுகிறார் என்று வழக்குப் போட்டார். அதில் கதை இல்லை, எனவே நாடகம் இல்லை, எனவே பாதுகாப்பும் இல்லை என்றது நீதிமன்றம். 1952-ல் ஹன்யா ஹோம் தன் நடன அமைப்பைக் குறியீட்டு முறையில் தாளில் எழுதிப் பதிவு பெற்றார். நடனம் என்பதைத் தனிவகைப் படைப்பாகச் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்தது 1976-ல். அப்போதும் இரண்டு விலக்குகள் கூடவே நடைமுறைக்கு வந்தன: எளிமையான வரிசைகளுக்கு உரிமை இல்லை, பொதுமக்கள் கூடி ஆடும் சமூக நடனங்களுக்கும் இல்லை.

முதல் விலக்கு எனக்குப் புரிகிறது. சின்ன வயதில் நானும் பரதம் கற்றவள். அதன் அடிப்படை அசைவுகளான தட்டடவும் நாட்டடவும் எந்த ஆசிரியருக்கும் சொந்தமில்லை. ஒரு நட்டுவனார் வர்ணத்துக்காக அடவுகளை அடுக்கிக் கட்டிய ஜதிக்கோர்வை அவருடையது, அதை இன்னொருவர் மேடையில் தன்னுடையதாகக் காட்டினால் சபையில் முணுமுணுப்பு எழும். அடவு எல்லோருக்கும் பொது, கோர்வை கட்டியவருக்கு என்ற இந்தக் கணக்கில் பிழை காண முடியாது.

இரண்டாவது விலக்கில்தான் நான் தடுக்கி நிற்கிறேன். பயிற்சி பெற்றவர்கள் மேடையில் ஆட, மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தால் அது படைப்பு. பார்த்தவர்கள் எழுந்து தாங்களும் ஆடத் தொடங்கிவிட்டால் அது சமூக நடனம். புரூக்ளின் தெருவில் ஒருவர் ஆடிக் காட்டுவதே பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்துகொள்ளட்டும் என்றுதான். அந்த ஆட்டத்தின் வெற்றி, எத்தனை பேர் அதை எடுத்துக்கொண்டார்கள் என்பதில் இருக்கிறது. சட்டத்தின் கணக்கில் அந்த வெற்றியே உரிமைக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது. யாரும் ஆடாத நடனத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. விற்பனைக்கு வருவதோ எல்லோரும் ஆடும் நடனம்.

2019 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் 14 வயதுச் சிறுமி ஜலாயா ஹார்மன் 'ரெனெகேட்' என்ற ஆட்டத்தை உருவாக்கி இணையத்தில் போட்டார். அது டிக்டாக்குக்குப் போய், வேறு பிரபலங்கள் ஆடி, உலகமே ஆடியது. உருவாக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் கட்டுரை வந்த பிறகே தெரிந்தது. அந்த மாதமே சிகாகோவில் நடந்த என்பிஏ நட்சத்திர ஆட்டத்தில் அவர் ஆடினார். அவர் முதலில் கேட்டுக்கொண்டிருந்தது பணத்தை இல்லை. இது நான் போட்டது என்று கமெண்டுகளில் சொல்லிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

கல்யாண வீட்டுக்குள் நோட்டீஸ்

இதையெல்லாம் படித்ததும் எல்லா ஸ்டெப்புக்கும் உரிமை கொடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் நாற்பது பிள்ளைகள் ஒரு பாட்டுக்கு ஆடுகிறார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மண்டபத்தில் மாமாவும் அத்தையும் இறங்கி ஆடுகிறார்கள். ஊர்வலத்தில் பறை அடிக்கும்போது முன்னால் போகிறவர்கள் எந்தப் படத்தில் பார்த்த ஸ்டெப் என்று யோசித்தா ஆடுகிறார்கள்? இதற்குள் உரிமம், அனுமதி, நோட்டீஸ் என்று ஏதாவது நுழைந்தால் நாம் இழப்பது பெரிது. இந்தப் பயமும் டூ மில்லிக்கு நடந்தது அநியாயம் என்ற எண்ணமும் எனக்குள் சமமாகவே இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது என்று தெரியாமல் பல நாள் சுற்றிக்கொண்டிருந்தேன். ஃபோர்ட்நைட் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன ஒரு தகராறில்தான் அந்தக் கோடு கண்ணில் பட்டது.

'எலெக்ட்ரிக் ஸ்லைட்' என்று ஓர் ஆட்டம். வரிசையாக நின்று, வலப்பக்கம் சில அடி, இடப்பக்கம் சில அடி, பின்னால், குனிந்து நிமிர்ந்து, திசை மாறி, மறுபடி முதலிலிருந்து. அமெரிக்காவில் கல்யாண விருந்துகளில் பாட்டி முதல் பேத்தி வரை ஆடுவது. அதை 1976-ல் உருவாக்கியவர் ரிக் சில்வர் என்ற நடன அமைப்பாளர். அவருக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. அவர் போட்டது 22 அடி. ஊரெல்லாம் ஆடுவது 18 அடி. நாலு அடியை விட்டுவிட்டு ஆடுகிறார்கள், அதை வீடியோ எடுத்து இணையத்திலும் போடுகிறார்கள், பார்ப்பவர்கள் அதைத்தான் சரி என்று கற்கிறார்கள்.

2007-ல் கலிஃபோர்னியாவில் ஒருவர் ஓர் இசை நிகழ்ச்சியில் எடுத்த வீடியோவை யூடியூபில் போட்டிருந்தார். கூட்டத்தில் சிலர் சில நொடிகள் எலெக்ட்ரிக் ஸ்லைட் ஆடுவது அதில் தெரிந்தது. பதிப்புரிமை மீறல் என்று சில்வர் யூடியூபுக்கு எழுத, வீடியோ இறக்கப்பட்டது. இணைய உரிமைகளுக்காக வழக்காடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அந்த வீடியோக்காரருக்காக நீதிமன்றம் போனது.

நான் இந்த இடத்தில் சில்வரை வில்லனாகப் பார்க்கத் தயாரில்லை. தான் கட்டிய வரிசையில் நாலு அடி காணாமல் போவது ஒரு நடனக்காரருக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். என் ஆசிரியை, தீர்மானம் என்னும் அடவுத் தொடரில் ஓரடி விடுபட்டாலும் நட்டுவாங்கத்தை நிறுத்திவிட்டு எங்களை முதலிலிருந்து ஆட வைப்பார். ஆனால் ஆசிரியை கண்டித்தது தன்னிடம் கற்க வந்தவர்களை. சில்வர் கை நீண்டது, சந்தோஷத்தில் எழுந்து ஆடிய முன்பின் தெரியாதவர்கள் மீது. அந்த வித்தியாசம் பெரியது.

2007 மே மாதம் சமரசம் ஆனது. அதன் விவரத்தைப் படித்தபோதுதான் எனக்குள் ஏதோ ஓர் இடத்தில் வந்து அமர்ந்தது. சில்வர் தன் ஆட்டத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் உரிமத்தின் கீழ் வெளியிட ஒப்புக்கொண்டார். வணிக நோக்கம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஆடலாம், வீடியோ எடுக்கலாம், பகிரலாம். 18 அடியோ 22 அடியோ, அவர் தடுக்க மாட்டார். வணிகப் பயன்பாடு இந்த அனுமதிக்குள் வரவில்லை. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இதில் யாரும் நடனத்தின் நீளத்தை அளக்கவில்லை. எத்தனை அசைவு, எளிமையா சிக்கலா, மேடை நடனமா கூடி ஆடுவதா என்ற கேள்விகளே எழவில்லை. யார், எதற்காக அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஒன்றை மட்டும் பார்த்தார்கள். ஆடுகிறவர் ஆடட்டும், விற்கிறவர் வந்து பேசட்டும். அக்கா மகன் ஹாலில் ஆடியதையும் கேமில் அந்த உருவம் ஆடியதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இது போதும். ரிபேரோவுக்கு வந்த கடிதம் அந்த இரண்டையும் பிரிக்கவில்லை. நடனத்தையே உற்றுப் பார்த்து, இது சின்னது என்று சொல்லி முடித்துவிட்டது. சின்னது என்பது உண்மையானால் அதை ஏன் ஒரு நிறுவனம் காசுக்கு விற்க முடிகிறது, ஏன் குழந்தைகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்று கேட்க அந்தக் கடிதத்தில் இடமே இல்லை.

இரண்டு வினாடி

நீதிமன்றங்களும் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. கைல் ஹனகாமி என்ற நடன அமைப்பாளர் 2017-ல் சார்லி புத்தின் பாட்டு ஒன்றுக்கு நடனம் அமைத்து யூடியூபில் வெளியிட்டார். 2020-ல் ஃபோர்ட்நைட்டில் வந்த 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்' எமோட்டில் அதன் ஒரு பகுதி இருந்தது. இரண்டு வினாடி, நான்கு தாளக் கணக்கு. ஹனகாமி தன் நடனத்தைப் பதிவு செய்துவிட்டு 2022 மார்ச்சில் வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றம் சில மாதங்களிலேயே தள்ளுபடி செய்தது: இவை தனித்தனி நிலைகள், தனி நிலைகளுக்கு உரிமை கிடையாது, அளவும் மிகச் சிறியது.

2023 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நடனத்தை நிலைகளாக உடைத்துப் பார்ப்பது இசையைத் தனித்தனி ஸ்வரங்களாக உடைத்துப் பார்ப்பதற்குச் சமம் என்றது தீர்ப்பு. எந்த அசைவுக்குப் பின் எது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உடம்பு எப்படிக் கடக்கிறது, எங்கே வேகம், எங்கே நிறுத்தம், எது திரும்ப வருகிறது என்ற தேர்விலும் அடுக்கிலும்தான் படைப்பு இருக்கிறது. சின்னதாக இருப்பதாலேயே ஒரு பகுதியை ஒதுக்கிவிட முடியாது. ஆடியவர்களுக்கு இது புதிய சேதி இல்லை. ஆனால் நீதிபதி ரிச்சர்ட் பாயஸ் எழுதிய அந்தப் பக்கங்களைப் படித்தபோது, நடனத்தை உள்ளேயிருந்து பார்க்க ஒரு நீதிமன்றம் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டதே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. 2024 பிப்ரவரியில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன.

இதனால் டூ மில்லிக்கு என்ன ஆகும்? அதிகம் ஆகாது என்றே நினைக்கிறேன். ஹனகாமியிடம் ஸ்டூடியோவில் எடுத்த முழு நடன வீடியோ இருந்தது, பதிவுச் சான்றிதழ் இருந்தது, நீளமான படைப்பின் ஒரு பகுதி என்று காட்ட முடிந்தது. தெருவில் பிறந்த ஒற்றை அசைவுக்கு அந்த வாசல் இன்னும் அடைத்தே இருக்கிறது. பதிப்புரிமை என்ற கருவியை இழுத்து நீட்டி அந்த ஒற்றை அசைவு வரை கொண்டுபோகவும் கூடாது. அது கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிடும். அதனால்தான் விற்பனையைத் தனியாகப் பிடிக்க வேண்டும் என்கிறேன். ஒருவர் பெயரோடு உலகம் அறிந்த ஓர் ஆட்டத்தைத் தனிப் பொருளாக்கி விலைக்கு விற்கும் நிறுவனம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெயரைச் சொல்லி, ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். ஆடுகிறவர்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம்.

இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு கெல்லி ஹேயரின் கதையைச் சொல்வேன். 2024-ல் சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'ஆப்பிள்' பாட்டுக்கு டிக்டாக்கில் அவர் போட்ட ஆட்டம் உலகெங்கும் பரவியது. ஃபோர்ட்நைட் அவரிடம் உரிமம் வாங்கியது, நெட்ஃபிளிக்ஸும் வாங்கியது. ராப்லாக்ஸ் என்ற இன்னொரு இணைய விளையாட்டு நிறுவனத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, கையெழுத்தாவதற்கு முன் அவர்கள் அதை எமோட்டாக விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்று 2025 ஏப்ரலில் வழக்குத் தொடர்ந்தார். 60,000-க்கு மேல் விற்றது, சுமார் 1,23,000 டாலர் வந்தது என்பது அவருடைய மனுவில் உள்ள கணக்கு. வழக்கு எப்படிப் போனாலும் சரி, ஒரு விஷயம் தெளிவு. 2019-ல் இது யாருக்கும் சொந்தமில்லை என்று வாதாடிய அதே ஃபோர்ட்நைட், சில ஆண்டுகளில் ஒரு டிக்டாக் ஆட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கிறது. கொடுக்க முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

நம் சட்டத்தில் விட்டுப்போனவர்கள்

வார இறுதிகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லித்தர வடபழனியிலிருந்து ஒரு பெண் வருவாள். மற்ற நாட்களில் சினிமா டான்ஸ் மாஸ்டர்களுக்கு அசிஸ்டென்ட். ஒரு பாட்டு ஷூட்டிங்குக்கு முன்னால் மாஸ்டரும் அசிஸ்டென்ட்களும் ரிகர்சல் ஹாலில் ஸ்டெப் போட்டு, போனில் வீடியோ எடுத்து, டைரக்டருக்கும் ஹீரோவுக்கும் காட்டுவார்கள். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் மாற்று. அப்படி ஒரு ரிகர்சலில் அவள் விளையாட்டாகப் போட்ட ஒரு அசைவு பாட்டின் அடையாளமான ஹூக் ஸ்டெப் ஆகி, ரீல்ஸில் எல்லோரும் ஆடினார்கள். நான் இந்த எமோட் கதையெல்லாம் சொல்லிவிட்டு, "உனக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். "மாஸ்டர் எனக்குச் சம்பளம் கொடுத்துட்டார்க்கா. அது பரவாயில்ல. டைட்டில்ல பேர் போட்டிருந்தா போதும்" என்றாள்.

பெயர் மட்டும் போதும் என்று அவள் சொன்னதை ஆசையாக மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு நம் பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்த்தேன். 1957-ம் ஆண்டுச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பு என்ற வகையில் சேர்க்கிறது; எழுத்திலோ வேறு வகையிலோ அது பதிந்து நிலைத்திருக்க வேண்டும் என்கிறது; அதே வரியின் முடிவில், திரைப்படம் இதில் அடங்காது என்றும் சொல்கிறது. தனியாக எதையும் பதிந்து வைக்காத மாஸ்டர், படத்துக்குள் இருப்பதைக் காட்டி எவ்வளவு தூரம் உரிமை கேட்க முடியும் என்பது வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய சமாச்சாரம். 2012 திருத்தம் இன்னொன்றைச் செய்தது. படத்தில் இடம்பெறும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும், தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் இழக்க மாட்டார்கள். நல்ல திருத்தம், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடிப் பெற்றது. ஆனால் அதில் இலக்கியப் படைப்பு, இசைப் படைப்பு என்று இரண்டு மட்டுமே இருக்கின்றன. நடனத்தைத் தாங்கியிருக்கும் நாடகப் படைப்பு என்ற சொல் அங்கே இல்லை.

'நாட்டு நாட்டு' உலகம் முழுக்கப் போனதற்கு அந்தக் கால்வீச்சும் ஒரு பெரிய காரணம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். 2023-ல் ஆஸ்கார் இசையமைத்த கீரவாணிக்கும் பாடலை எழுதிய சந்திரபோஸுக்கும் போனது. அது பாடலுக்கான விருது, அவர்களுக்குத்தான் போக வேண்டும். நடனம் அமைத்த பிரேம் ரக்ஷித்துக்கு தேசிய விருது கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கொடுத்த அந்தப் பாதுகாப்பு, அந்தப் பாட்டை நம் காலுக்குக் கொண்டுவந்த மாஸ்டருக்கு எழுதப்படவில்லை.

ஆடுகிறவர்களைப் பற்றியும் அதே 2012 திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது. படத்தில் தற்செயலாகவோ சிறு அளவிலோ தோன்றி, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் போடப்படாதவர், பெரும்பாலான விஷயங்களுக்கு நிகழ்த்துகலைஞராகவே கருதப்பட மாட்டார். பாட்டு முழுக்க ஹீரோவுக்குப் பின்னால் வியர்க்க வியர்க்க ஆடும் குரூப் டான்சர்களை இதற்குள் தள்ளக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் தள்ள நினைக்கும் ஒருவருக்கு, பெயர் போடாமல் இருப்பதே வசதியாகிவிடும். பெயர் போட்டால் போதும் என்று அந்தப் பெண் கேட்டதன் கனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் வந்தபோது அவளிடம் ரெண்டு விஷயம் சொன்னேன். ரிகர்சல் வீடியோக்களை இடம் போதவில்லை என்று போனிலிருந்து அழிக்காதே, தேதியோடு ஒரு பக்கம் சேர்த்து வை. பதிந்து நிலைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதற்கு அருகில் உன்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்னொன்று, உங்கள் சங்கக் கூட்டத்தில் டைட்டில் கார்டில் அசிஸ்டென்ட், குரூப் டான்சர் எல்லோர் பெயரும் வர வேண்டும் என்பதைப் பேச வை. முதலாவதை உடனே செய்துவிடுவதாகச் சொன்னாள். இரண்டாவதற்கு, "நான் எழுந்து பேசினா அடுத்த பாட்டுக்குக் கூப்பிடுவாங்களாக்கா?" என்று கேட்டாள். தனியாகப் பேசாதே, நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யார் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறாள்.